சுருக்குப்பையியல்: ஒரு பாயிரம்

காசைப் பற்றித் தமிழில் ஆராயாமல் விட்டது ஒன்றும் இல்லை. கரூர் அமராவதி ஆற்று மணலில் அகப்பட்ட காசு, கொங்கு நாட்டில் பானையோடு தோண்டியெடுத்த ரோமானியக் காசு, ராஜராஜன் காசு, நாயக்கர் காசு, கும்பினிக் காசு என்று எல்லாவற்றையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாயிற்று. தேய்ந்துபோன இரண்டு எழுத்தை எப்படி வாசிப்பது என்று அறிஞர்கள் பக்கம் பக்கமாக மோதிக்கொண்டதும் உண்டு. ஆனால் அந்தக் காசெல்லாம் எதில் கிடந்தது, யார் இடுப்பில் தொங்கியது, எந்த விரல் அதைத் துழாவி எடுத்தது என்று கேட்டுப் பாருங்கள், சபையில் ஒருவரும் வாய் திறக்கமாட்டார். நாணயத்துக்கு ஒரு இயல் இருக்கிறது. நாணயம் இருந்த பைக்கு இயல் இல்லை. இக்குறையைப் போக்க எழுந்ததே இவ்வாய்வு. வேறு எவரும் முன்வராத காரணத்தால் இத்துறையின் தந்தை என்ற பொறுப்பையும் இக்கட்டுரையாளனே சுமக்க வேண்டியதாயிற்று.

முதலில் ஆதாரப் பஞ்சத்தைச் சொல்லிவிட வேண்டும். பொன்னும் வெள்ளியும் மண்ணுக்குள் ஆயிரம் ஆண்டு கிடக்கும். துணியும் தோலும் கிடக்காது. இங்கிலாந்தில் சட்டன் ஹூ என்ற இடத்தில் 1939-ல் ஒரு மேட்டைத் தோண்டியபோது 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கப்பல் கல்லறை ஒன்று வெளிப்பட்டது. அதில் 37 பொற்காசுகள் இருந்தன. பொன்னும் செந்நிறக் கற்களும் இழைத்த பணப்பை மூடி இருந்தது. பை எங்கே என்றால், அது எப்போதோ மட்கிவிட்டது. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் மூடியை மட்டும் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். அத்தனை பெரிய மியூசியமே மூடியை வைத்துக் காலந்தள்ளும்போது, நம் ஊர் அகழாய்வுக் குழிகளில் சுருக்குப்பை கிடைக்கவில்லையே என்று மனம் குமைவானேன்?

அதிலும் பழையது ஒன்று தப்பிப் பிழைத்திருக்கிறது. ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991-ல் கண்டெடுக்கப்பட்ட, சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஓட்ஸி என்னும் பனிமனிதனின் இடுப்பு வாரில் ஒரு தோல் பை தைத்திருந்தது. உள்ளே என்ன? சுரண்டுவதற்கு ஒரு கல், துளை போட ஒரு கல், எலும்பில் செய்த குத்தூசி, தீ மூட்டுவதற்கு உலர்ந்த காளான். காசு ஒன்றுகூட இல்லை. காசு என்ற பொருளே உலகில் அப்போது பிறந்திருக்கவில்லை. எங்கள் அப்பத்தாவின் சுருக்குப்பையிலும் மாசக் கடைசியில் கத்தி, ஊசி, தீப்பெட்டி தவிர வேறொன்றும் இருக்காது என்பதை இங்கே ஒப்புநோக்குக. ஆக, பை முந்தியது, காசு பிந்தியது. பையைத் தைத்து வைத்துவிட்டு அதில் போட ஏதாவது வேண்டுமே என்று யோசித்தபோதுதான் மனிதகுலத்துக்குக் காசு தோன்றியிருக்க வேண்டும் என்பது நம் துணிபு. பொருளாதார அறிஞர்கள் வேறு காரணம் சொல்வார்கள். அவர்களுக்குத் தைக்கத் தெரியாது.

செல்வத்துக்கு அதிபதியாகிய குபேரனைக் கேட்கலாமே என்பார்க்கு: கேட்டாயிற்று. பழைய சிற்பங்களில் அவர் கையில் பணப்பை இருக்கிறது, சில சிற்பங்களில் பை இருக்க வேண்டிய இடத்தில் கீரிப்பிள்ளை இருக்கிறது. அதைப் பிசைந்தால் வாயிலிருந்து மணிகள் உதிருமாம். கீரித்தோலில் பணப்பை தைத்த வழக்கத்தின் மிச்சமே இந்தக் கீரி என்று விளக்கம் சொல்வோர் உண்டு. உலகத்துக்கே கடன் கொடுக்கிறவர், தம் காசை எடுக்க ஒரு கீரியைப் பிசைய வேண்டியிருக்கிறது. இந்தச் செய்தியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இவ்வாய்வின் உயிர்நாடி இதில்தான் இருக்கிறது.

இனி வரையறை. சுருக்குப்பை என்பது யாதோ எனின், வாயைச் சுருக்கலாகும், வயிற்றைச் சுருக்கலாகாத துணிப்பை என்க. துணி எனவே தோல் விலக்கப்பட்டது. வாய் எனவே நாடா பெறப்பட்டது. நாடா இல்லாத பை வெறும் பை ஆகும். பை இல்லாத நாடா பாவாடைக்கு ஆகும். அற்றேல் ஜிப் வைத்த பர்ஸ் யாதாம் எனின், அது பின்னர்க் கூறப்படும். அதற்குள் அதன் ஜிப் போயிருக்கும் என்க.

செய்முறையை விரித்துச் சொல்லாமல் முடியாது. தையல்காரர் காலடியில் விழுந்து கிடக்கும் வெட்டுத்துணிதான் மூலப்பொருள். யாரோ ஒருத்தியின் ரவிக்கைக்குப் போக மிஞ்சிய துண்டு, இன்னொருத்தியின் பாவாடை விளிம்பு. இரண்டும் ஒரே பையில் முதுகும் வயிறுமாகச் சேரும். கெட்டிப் பருத்தி உத்தமம். நைலக்ஸ் மத்திமம், ஏனென்றால் வழுக்கும். பட்டு அதமம், பார்வைக்கு மட்டும் உதவும். உள்ளே பழைய வேட்டித்துணியில் ஒரு மடிப்பு வைத்துத் தைத்து அறை பிரிப்பார்கள். வெற்றிலை ஈரம் காசில் படாமலிருக்க இந்த ஏற்பாடு. பையின் வாயை இரண்டு விரற்கடை உள்ளே மடித்து, சுற்றி இரண்டு ஓட்டுத் தையல் போட்டால், இரண்டுக்கும் நடுவே நாடா போக ஒரு வழி அமையும். நாடாவின் நுனியில் ஊக்கைக் குத்தி அந்த வழியில் நெட்டித் தள்ளிக்கொண்டே போக வேண்டும். பாதியில் ஊக்கு திறந்துகொண்டால் அன்றைய பொழுது போயிற்று.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரே நாடா போட்டால் பை கோணிக்கொண்டு மூடும். இரண்டு நாடா வேண்டும். ஒன்று இடப்பக்கம் நுழைந்து வாயைச் சுற்றி வந்து இடப்பக்கமே வெளிவர வேண்டும். மற்றது வலப்பக்கம் நுழைந்து வலப்பக்கமே வர வேண்டும். இரண்டு முடிச்சையும் எதிரெதிரே ஒரு இழு இழுத்தால் வாய் கப்பென்று மூடிக்கொள்ளும். திறக்க அதே நாடாவைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், இன்னும் இறுகும். திறப்பதற்கு நாடாவை விட்டுவிட்டு, இரண்டு கை ஆட்காட்டி விரல்களையும் அந்தச் சுருக்கத்தின் நடுவே குடைந்து விட்டு, மெல்ல மெல்ல விலக்க வேண்டும். மூட ஒரு நொடி. திறக்க இரண்டு கையும், பொறுமையும், உட்கார இடமும் வேண்டும்.

இந்த ஏற்றத்தாழ்வு தற்செயலாக வந்ததென்று நம்புகிறவர்கள் இத்துடன் கட்டுரையை மூடி வைத்துவிடலாம். இக்கட்டுரையாளன் நம்பவில்லை. காசை வைத்துக்கொள்ள ஒரு டப்பா போதும். காசு வெளியே வருவதற்குள் மனசு மாறுவதற்கு ஒரு அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்தைத் துணியிலும் நூலிலும் தைத்து வைத்ததுதான் சுருக்குப்பை. இதற்குத் திறப்புத் தாமதக் கோட்பாடு என்று பெயரிடுகிறோம். குபேரனின் கீரி முதல் சான்று.

கள ஆய்வு மேலூர் போகும் டவுன் பஸ்ஸில் நிகழ்ந்தது. பெண்களுக்கும் டிக்கெட் இருந்த காலம். ஒத்தக்கடையில் ஏறி உட்கார்ந்த ஒரு ஆத்தாவிடம் கண்டக்டர் கை நீட்டினார்.

"ஆத்தா, டிக்கெட்டு."

"குடுக்குறேன்யா. ஓடியா போகப்போறேன்?"

இடுப்புச் செருகலிலிருந்து பை வெளியே வந்தது. வெளுத்துப்போன ஊதாத் துணி, ஒரு ஓரத்தில் புகையிலைக் கறை. விரல்கள் வாயைக் குடைந்தன. முதலில் அலுமினியச் சுண்ணாம்பு டப்பா வெளியே வந்து மடியில் உட்கார்ந்தது. அடுத்து வாழைச்சருகில் மடித்த புகையிலை. காய்ந்த வெற்றிலைக் காம்பு. பத்திரிகைத் தாளில் மடித்த மாரியம்மன் கோயில் திருநீறு. கோடாலித் தைலம். ஒரு சாவி, அது எந்தப் பூட்டுக்கு உரியது என்று ஆத்தாவே ஒரு கணம் யோசித்தார். எட்டாக மடித்த பத்து ரூபாய் நோட்டு தலையைக் காட்டியது, உடனே உள்ளே தள்ளப்பட்டது. சில்லறை இன்னும் அடியில் கிடந்தது. கண்டக்டர் பின்சீட்டு வரை போய்த் திரும்பிவிட்டார்.

"இன்னுமா ஆத்தா அவுக்குற?"

"சின்னக் காசாத் தேடுறேன்யா. உனக்குத்தானே சில்லறை வேணும்?"

பக்கத்தில் இருந்த பெண் பொறுக்காமல், "விடுங்கண்ணே, நான் எடுத்துக்கிறேன்" என்று தன் காசை நீட்டினாள். அடுத்த நொடி சுண்ணாம்பு டப்பா, புகையிலை, சாவி எல்லாம் உள்ளே போய், நாடா இழுபட்டு, பை இடுப்பில் ஏறிவிட்டது. "மகராசியா இருப்ப" என்று வாழ்த்து வந்தது. கோட்பாடு நிறுவப்பட்டது.

இதே கோட்பாட்டை ஐரோப்பியரும் அறிந்திருந்தனர். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் அங்கே நீளக் காலுறை போலப் பின்னிய ஒரு பணப்பை புழக்கத்தில் இருந்தது. இரண்டு முனையும் மூடி, நடுவில் மட்டும் ஒரு சிறு கீறல். கீறல் வழியாகக் காசைப் போட்டு, பையில் கோத்த வளையத்தை முனை நோக்கித் தள்ளிவிட்டால் காசு சிறைப்பட்டது. ஒரு முனையில் பொன், மறு முனையில் வெள்ளி. இருட்டிலும் கை அறிய, ஒரு முனையை வட்டமாகவும் மற்றதைச் சதுரமாகவும் பின்னுவதுண்டு. இதற்குக் கருமியின் பை என்றே பெயர் வைத்தார்கள். நம்மவர்கள் அப்படிப் பெயர் வைக்கவில்லை. இங்கே அது தனியாகச் சொல்ல வேண்டிய குணமாக யாருக்கும் படவில்லை.

இனி வகைப்பாடு. நம் மரபில் எதையும் அகம், புறம் என்று பிரிக்காமல் திருப்தி வராது. உடுப்புக்குள் மறைவது அகப்பை, வெளியே தெரிவது புறப்பை. அகப்பை என்றவுடன் குழம்புக் கரண்டி நினைவுக்கு வரலாம். தவறில்லை. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பது இரண்டுக்கும் பொருந்தும்.

அகப்பையில் தலையாயது முந்தி முடிச்சு. தனிப் பை என்று ஒன்று இல்லாமலே சேலைத் தலைப்பின் முனையில் காசை வைத்து முறுக்கி முடிந்து இடுப்பில் செருகுவது. செலவில்லை, தொலைவதில்லை, சேலை துவைக்கும்போது காசும் சுத்தமாகும். இந்த முடிச்சை அவிழ்க்கப் பல்லின் துணை தேவைப்படுவதால் திறப்புத் தாமதம் சுருக்குப்பையைவிட ஒரு படி மேல். அடுத்தது ரவிக்கைக்குள் வைக்கும் சின்ன பர்ஸ். காய்கறிச் சந்தையில் தக்காளிக் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் நாள் முழுக்கக் கல்லாப்பெட்டி இல்லாமல் வியாபாரம் பார்ப்பது இதை நம்பித்தான். எந்த வங்கிப் பெட்டகத்துக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. நோட்டு கொஞ்சம் ஈரமாக வரும், அவ்வளவுதான்.

ஆண்பால் அகப்பை, பட்டாபட்டி அண்ட்ராயரின் பை. வேட்டியை விலக்கி, தொடைவரை போகும் அந்தக் கோடு போட்ட பைக்குள் கையை விட்டுப் பணத்தை எடுக்க வேண்டும். நாகரிகம் அறிந்த பெரியவர்கள் இதற்குமுன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்கள். திரும்புவதும் தாமதக் கணக்கில் சேரும். ஜவுளிக்கடையில் பேரம் படியாத கட்டத்தில் மாமா ஒருவர் சுவர் பக்கம் திரும்பினால் கடைக்காரர் முகம் மலரும். திரும்பிய மாமா கையை வெளியே எடுக்காமலே இன்னொரு இருபது ரூபாய் குறைக்கச் சொன்னதையும் இக்கட்டுரையாளன் கண்ணால் பார்த்திருக்கிறான். கை உள்ளே இருக்கும் வரை விலை இறங்க இடமிருக்கிறது.

புறப்பைகளில் மதிப்புக்குரியது அகலமான பச்சை பெல்ட். மாட்டுச் சந்தையிலும் மண்டியிலும் வேட்டி, கைலியின் மேல் இறுக்கிக் கட்டுவது. பட்டன் வைத்த அறைகள் அதில் உண்டு. மாடு பிடிக்கிறவர் கையைத் துண்டுக்குள் மறைத்து விரலால் விலை பேசுவார், பெல்ட்டை மட்டும் மறைக்கமாட்டார். எதிராளிக்குத் தெம்பு தெரிய வேண்டும் அல்லவா. சட்டையின் மேல்பை ஆராய்ச்சிக்குத் தகாது. மெல்லிய வெள்ளைத் துணியில் ஐநூறு ரூபாயும் தலைவர் படமும் வெளியே தெரியும்படி வைப்பது காசு வைப்பதில் சேராது, சுவரொட்டி ஒட்டுவதில் சேரும்.

யாழ்ப்பாணத்தில் பழைய ஆட்கள் பனையோலையில் இழைத்த கொட்டப்பெட்டியில் காசும் வெற்றிலையும் வைத்து மடியில் செருகுவார்கள். பனை நிறைந்த நாட்டில் பைக்குத் துணி எதற்கு? கன்னட தேசத்து மூதாட்டிகளிடம் பல அறைகளோடு சஞ்சி இருந்தது. வெற்றிலை பரவிய இடமெல்லாம் இந்தப் பையின் ஏதோ ஒரு உறவுமுறை இருக்கிறது.

கோட்பாட்டுக்கு ஒரு தடை எழுப்பலாம். கண்டக்டரின் தோல் பை எப்போதும் வாய் திறந்தே இருக்கிறதே, தாமதம் எங்கே என்பார்கள். உண்மை, பையில் தாமதம் இல்லை. ஆகவே அவர் தாமதத்தை டிக்கெட்டின் முதுகில் எழுதிக் கொடுத்தார். "இறங்கும்போது வாங்கிக்கங்க" என்று பேனாவால் கிறுக்கிய அந்த இரண்டு ரூபாய், இறங்கும் அவசரத்தில் எத்தனை பேருக்கு நினைவு வந்தது? தடை தள்ளுபடி.

அடுத்து கனம். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்கிறார்கள். எத்தனை கிராம் வரை பயமில்லை என்று பழமொழி சொல்லாமல் விட்டது ஒரு குறை. நாம் கணக்குப் போடுவோம். பிரிட்டிஷ் காலத்து வெள்ளி ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். நூறு ரூபாய் மடியில் இருந்தால் ஒரு கிலோவைத் தாண்டும். வழியில் பயப்பட வேண்டியதுதான். 2011-ஆம் ஆண்டு வரிசையில் வந்த எஃகு ஒரு ரூபாய் 3.79 கிராம். நூறு ரூபாய்க்கு 379 கிராம், ஒரு நடுத்தரக் கத்தரிக்காய்க் கூறு. பத்து ரூபாய் நாணயமாக இருந்தால் 77 கிராமில் முடிந்துவிடும்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தின் 6-ஆம் பிரிவுப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான நாணயங்கள் ஆயிரம் ரூபாய் வரையிலான தொகைக்குச் செல்லும். ஐம்பது பைசா என்றால் பத்து ரூபாய் வரை. எனவே இந்தியக் குடிமகன் ஒருவன் ஒரே கொடுக்கல் வாங்கலுக்குச் சட்டத்தின் பாதுகாப்போடு தூக்கிப் போகக்கூடிய மிகப்பெரிய ஒற்றை ரூபாய்ச் சுருக்குப்பையின் எடை 3.79 கிலோ. இதைத் தாங்கும் நாடா தமிழ்நாட்டில் கிடைக்கும். இடுப்பு கிடைக்காது.

கனத்தைவிட முக்கியமானது தடவல். சுருக்குப்பைக்குள் கண் போகாது, விரல்தான் போகும். இதை அறிந்தவர்கள் ஒரு காலத்தில் நாணயம் அடித்தார்கள். ஐந்து பைசா சதுரம். பத்து பைசாவுக்கு ஓரம் பூப்போல நெளியும். மூன்று பைசாவும் பின்னால் வந்த அலுமினிய இருபது பைசாவும் அறுகோணம். அதற்கும் முன்னால், 1943 முதல் 1947 வரை அடித்த காலணாவுக்கு நடுவில் ஓட்டையே இருந்தது. அதற்குப் பை வேண்டாம், நூல் போதும். 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி ரூபாய்க்கு 64 காலணா என்ற கணக்கு போய் 100 நயா பைசா வந்தபோது படித்தவர்களே தடுமாறினார்கள். ஆனாலும் பாட்டிமார் விரல் சீக்கிரம் பழகிக்கொண்டது, வடிவங்கள் அவ்வளவு தெளிவாக இருந்தன.

பிறகு எல்லாம் வட்டமாயிற்று. 2011-ஆம் ஆண்டு வரிசையில் இரண்டு ரூபாய் 25 மில்லிமீட்டர், ஐந்து ரூபாய் 23 மில்லிமீட்டர். பெரியதற்கு மதிப்பு சிறியது. ஐந்துக்கு மஞ்சள் நிறம் கொடுத்தார்களே என்றால், பைக்குள் நிறம் எப்படித் தெரியும்? 2019-ல் இந்தக் குறையை அரசு உணர்ந்து, பார்வையற்றோருக்கு உதவும்படி மதிப்பு ஏற ஏற உருவமும் எடையும் ஏறும் புதிய வரிசையை வெளியிட்டது. நல்ல காரியம். ஆனால் அதில் இரண்டு ரூபாய் 23 மில்லிமீட்டர், ஐந்து ரூபாய் 25 மில்லிமீட்டர். பழைய ஐந்தின் அளவில் புதிய இரண்டு, பழைய இரண்டின் அளவில் புதிய ஐந்து. பழையதும் புதியதும் ஒரே பையில் கிடக்கும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. திட்டம் போடும் குழுவில் சுருக்குப்பை வைத்திருக்கும் ஒருவராவது இருந்திருந்தால் நாட்டுக்கு இந்தக் குழப்பம் வந்திருக்காது.

பையின் வீழ்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் செல்லாமல் போயின. பையின் அடியில் சலசலத்த குடும்பமே காலி. 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆயிற்று. பெண்களுக்குப் பெரிய நன்மை, சுருக்குப்பைக்குப் பெரிய வேலையிழப்பு. மேற்படி ஆத்தா இப்போது பையை அவிழ்ப்பது அந்தக் கட்டணமில்லாச் சீட்டைப் பத்திரமாக உள்ளே வைக்கத்தான். செக்கர் ஏறினால் அதை எடுப்பதற்குள் அவர் இறங்க வேண்டிய ஸ்டாப் வந்துவிடும்.

கடைசி அடி கைப்பேசியிலிருந்து வந்தது. 2016-ல் யுபிஐ வந்தது. இப்போது முழம் போடும் பூக்காரம்மாவின் கூடையிலும் கட்டம் கட்டமாக ஒரு அட்டை தொங்குகிறது, பக்கத்துப் பெட்டி வந்த தொகையைத் தெரு முழுக்கக் கேட்கும்படி அறிவிக்கிறது. நாடாவுக்குப் பதிலாக ரகசிய எண் ஒன்று இருக்கிறதே, அதைப் போடும் நேரத்திலாவது மனசு மாறலாமே என்று நாம் ஆறுதலாக இருந்தோம். 2022-ல் யுபிஐ லைட் வந்து, சிறு தொகைக்கு அந்த எண்ணும் வேண்டாம் என்றார்கள். நாடாவையும் உருவிவிட்டார்கள். திறப்புத் தாமதம் பூஜ்யத்தைத் தொட்டது. மாசக் கடைசியில் கணக்கைப் பார்த்து, இவ்வளவு டீயா குடித்தோம் என்று திகைப்பவர்கள் காரணத்தை இங்கே காண்க.

இதற்கு நேர் எதிர்முனையில் உலகிலேயே அதிகத் திறப்புத் தாமதம் உடைய காசுப்பை நம் வீட்டுச் சாமி மாடத்தில் இருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், மகளுக்கு வரன் தள்ளிப்போனால், மஞ்சள் துணியில் ஒரு காசை வைத்து முடிந்து, குலசாமியை நினைத்து மாடத்தில் வைப்பார்கள். காரியம் முடிந்து கோயிலுக்குப் போகும் வரை அதை யாரும் தொடமாட்டார்கள். வீட்டில் பால் வாங்கக் காசு இல்லாத நாளிலும் அந்த ஒற்றை ரூபாய் அப்படியே இருக்கும். பூட்டு இல்லை, ஜிப் இல்லை, ரகசிய எண் இல்லை. சில முடிச்சுகள் முடிந்தவர் காலத்துக்குப் பிறகு பேத்தி கையால் உண்டியலில் விழுந்திருக்கின்றன. இந்தப் பை முன்னால் மற்ற எந்தப் பையும் நிற்காது என்பதை இவ்வாய்வின் முடிவாக வைக்கிறோம்.

மேலே ஒத்திவைத்த ஜிப் பர்ஸுக்கு வருவோம். மூக்குத்தி வாங்கினாலும் நகைக்கடையில் ஒரு ரெக்சின் பர்ஸ் தருகிறார்கள். மெரூன் நிறம், பொன் எழுத்தில் கடை பெயர், கிளைகள், தொலைபேசி எண். நகை பீரோவுக்குப் போய்விடும், பர்ஸ் சில்லறைக்கு வரும். பதினைந்து ஆண்டு கழித்தும் ரெக்சின் உரியாது, எழுத்து அழியாது. ஜிப் மட்டும் முதல் தீபாவளியைத் தாண்டாது. அதன்பிறகு ரப்பர் பேண்டு போட்டு ஓட்ட வேண்டும். இதே வேளையில் பழைய சுருக்குப்பை, ஜரிகையும் தொங்கட்டானும் வைத்து, போட்லி என்ற வடநாட்டுப் பெயரில் கல்யாண மண்டபத்துக்குத் திரும்பியிருக்கிறது. கொலுவுக்குப் போனால் தாம்பூலத்தோடு ஒன்று கையில் கிடைக்கும். தையல் வேலை அழகு, நாடா இரண்டுதான், சுருக்கமும் சரி. ஆனால் அதில் வெற்றிலை வைக்க மனசு வராது, கைப்பேசி வைக்க இடம் போதாது. பீரோவில் இன்னொரு போட்லிக்குள் அதைப் போட்டு வைக்கிறோம்.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். நகைக்கடை முதலாளிகளே, செய்கூலி சேதாரத்தில் எதையும் குறைக்க வேண்டாம். அந்த பர்ஸின் ஜிப்பை மட்டும் கொஞ்சம் நல்லதாகப் போடுங்கள், முடியாவிட்டால் இரண்டு நாடா போதும். வாசகர்களே, வீட்டுப் பரணிலோ தகரப் பெட்டியிலோ பாட்டியின் சுருக்குப்பை அகப்பட்டால் துவைத்துவிடாதீர்கள், கறையில்தான் வரலாறு இருக்கிறது. உள்ளே கிடப்பதை எண்ணிப் பாருங்கள். பத்து ரூபாய் நாணயம் எந்த வடிவமைப்பில் இருந்தாலும் செல்லும், கடைக்காரர் மறுத்தாலும் செல்லும் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. ஐம்பது பைசாவும் சட்டப்படி செல்லும். நாலணா செல்லாது.